ஒரு பக்கம் இரண்டு ரூபாய்

எம்எல்ஏ ஆபீசுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை.
மேலூர் ரோட்டில் லாரி போகும்போதெல்லாம்
கண்ணாடிக் கதவு ஒருமுறை நடுங்கும்.
மனு எழுதத் தெரியாதவர்களுக்கு
எழுதியும் கொடுப்பேன்.
இருபது வருடம் 'மதிப்பிற்குரிய ஐயா' என்றே ஓடிய கை
'அம்மையீர்' என்று திரும்ப
ஒரு வாரம் பிடித்தது.

பாண்டிமீனாவுக்கு முப்பத்தொன்று.
அவள் படியேறும்போது
எழுந்திருப்பதா வேண்டாமா என்று
பெரிய மனிதர்கள் பாதி எழுந்து நிற்பார்கள்.
பால் சங்கத்தில் கணக்கெழுதியவள்,
முப்பத்தேழு ஓட்டில் கவுன்சிலர் ஆனவள்.
எப்படியும் தோற்கிற தொகுதி என்றுதான்
கட்சி இவளுக்குக் கொடுத்தது.
தொகுதிக்கு அது தெரியவில்லை.

முதல் சட்டமன்றப் பேச்சை
டீக்கடையில், சர்க்கரை டப்பாவில் ஃபோனைச் சாய்த்துப்
பதினோரு பேர் பார்த்தோம்.
ஐந்து நிமிடத்தில் நான்கு
நன்றி சொல்லவே போனது.
மீதியில் கடைமடை என்றாள், கால்வாய் என்றாள்,
மணி அடித்தது.
உட்காரச் சொன்னார்கள்.
'தூம்பு' என்ற சொல் பாதி வாயில் இருந்தது.
முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால்
ஏழு மணிக்குக் காதுகுத்து,
எட்டரைக்குக் கல்யாணம்,
பத்துக்குத் துட்டி வீடு.
மொய் நோட்டில் அவள் பெயருக்கு நேரே
ஐநூற்றியொன்று.
'எம்எல்ஏவுக்கு இவ்வளவுதானா?' என்று
மைக் ஓய்ந்த நேரத்தில் ஒருத்தர் கேட்டார்.
எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

போன ஐப்பசியில்
மடைச்சாவிக்காக இரண்டு ஊரும்
அரிவாள் வரைக்கும் போனது.
ராத்திரி முழுக்கக் கண்மாய்க் கரையில் உட்கார்ந்தாள்.
இந்த ஊர் கொடுத்த புரோட்டாவையும் தின்றாள்,
அந்த ஊர் கொடுத்ததையும் தின்றாள்.
விடியும்போது சாவி போலீஸ் ஸ்டேஷனில்,
தண்ணீர் முறைக்கு நான்கு நாள்.
இந்த ஐப்பசியில் என்ன ஆகும் என்று
யாரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்தாள்.
சுகப்பிரியா, கீழச்சுனை, காலேஜ் முதல் வருடம்.
காலை ஏழு மணி பஸ் வருவதில்லை.
நடந்து வந்து அடுத்த பஸ் பிடித்தால்
முதல் பீரியட் முடிந்துவிடுகிறது.

எனக்கு எங்கோ அரித்தது.
டிராயரைக் குடைந்தேன்.
கோணலாக விழுந்த நகல்களைத் தூக்கிப் போடாமல்
பின்பக்கம் கணக்கெழுத வைத்திருப்பேன்.
அதில் ஒன்று: அதே கீழச்சுனை, அதே ஏழு மணி,
அதே முதல் பீரியட்.
கீழே, கொஞ்சம் சாய்ந்த எழுத்தில்,
மு. பாண்டிமீனா, பி.எஸ்ஸி. முதலாமாண்டு.

இந்தப் பெண்ணின் மனுவோடு
அதையும் சேர்த்துப் பின் அடித்தேன்.
அதற்குக் காசு வாங்கவில்லை.

சாயங்காலம் இரண்டு லாரிக்கு நடுவே
ரோட்டைத் தாண்டி அவளே வந்தாள், தனியாக.
தாளைக் கல்லாமேல் வைத்தாள்.
'உங்க வேலையா?'
'ஆமா.'
பின்பக்கம் திருப்பினாள்:
பால் பதினாலு, டோனர் கடன், பஞ்சர் இருபது.
'அப்ப பஸ் விட்டாங்கள்ல?'
'விட்டாங்க. மூணு வருஷம் ஓடுச்சு.
நீ படிப்பு முடிச்ச வருஷம் நின்னுருச்சு.'

நீ என்று சொல்லிவிட்டேன்.
அவள் அதைக் கவனிக்கவில்லை.

'நின்னது எனக்குத் தெரியாது' என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
'எனக்குத் தேவைப்படல' என்றாள்.

பத்து நகல் கேட்டாள், இரண்டு மனுவும் சேர்த்து.
நாற்பது ரூபாயை எண்ணி வைத்தாள்.
கண்ணாடிக்கு அடியில் வெளிச்சம்
போய்ப் போய்த் திரும்பியது.
ஏழாவது தாளில் மெஷின் சிக்கியது.
பக்கக் கதவைத் திறந்து
இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.